மதர்போர்டு மாற்றிய மறுவாரம்

கம்ப்யூட்டர் ரிப்பேர்த் தொழிலில், கெட்டுப்போன மிஷினைக் கொண்டுவருகிறவர் நம்மைக் கும்பிடுவார். நாம் சரிசெய்து கொடுத்த மிஷினைத் திரும்பக் கொண்டுவருகிறவர்தான் நம் பரம்பரையையே விசாரிப்பார்.

என்னைப் போல் ஸ்க்ரூ டிரைவரை நம்பிப் பிழைக்கிற உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மத்தியானம் சோற்று டப்பாவைத் திறக்கும் நேரம் பார்த்து ஒருவர் சிபியுவை இடுப்பில் வைத்துத் தூக்கிக்கொண்டு படியேறுவார். பெட்டியின் மேல் நாம் ஒட்டிய ஸ்டிக்கர் இன்னும் பளபளவென்று இருக்கும். போன வாரம்தான் கொடுத்தனுப்பியது. அப்போது திறந்த டப்பாவை மறுபடி மூடி வைப்போமே, அப்படி மூடியவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இந்த வருஷம் நான் அடுத்தடுத்து ஏழு முறை மூடினேன்.

என் பெயர் கிரேஸ். தங்கச் சுரங்க ஊரான ராபர்ட்சன்பேட்டையில் மார்க்கெட்டுக்குத் திரும்பும் இடத்தில் கடை. என் வீட்டுக்காரர் சாலமன், சுரங்கம் மூடும்வரை அண்டர்கிரவுண்டில் எலக்ட்ரீஷியன்; இப்போது பெங்களூரில் ஓர் அபார்ட்மென்டில் அதே வேலை. வாரத்தில் ஆறு நாள் அவரைப் பார்ப்பது ரயில்தான், நான் இல்லை. காலையில் போய் ராத்திரிச் சோற்றுக்குத்தான் திரும்புவார்; ஞாயிற்றுக்கிழமை மட்டும் பகலில் ஆள் ஊரில் இருப்பார். காலையில் சர்ச், மத்தியானம் கறிக்குழம்பு, அப்புறம் நேராக என் கடை. நான் மதர்போர்டு மாற்றி முடித்துவிட்டு நகர்ந்ததும், உள்ளே வயர் கட்டும் வேலையை அவர் எடுத்துக்கொள்வார். அது சுரங்கத்துப் பழக்கம்: ஷாஃப்ட்டில் ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ் போகிற வழியில் ஒரு கேபிள் லூசாகத் தொங்கினால் போதும், கேஜ் அதைப் பிய்த்து இழுத்துக்கொண்டு போய்விடும். அதனால் கேபிளைச் சுவரோடு ஒட்டி, மூலைக்கு மூலை மடக்கி, சாணுக்கு ஒரு முடிச்சு போட வேண்டும். சிபியுவுக்குள் கேஜ் ஏது என்று கேட்டால் சிரிப்பார். ஆனால் கை கேட்காது. மெழுகு தடவிய நூல் உருண்டை ஒன்று சட்டைப்பையிலேயே இருக்கும்.

ஊரில் அந்தக் கட்டுக்குத் தனி மரியாதை. பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் தன்னுடைய பெட்டியை ஒருநாள் தூசி தட்டத் திறந்தவர், மூடாமல் அப்படியே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: “உள்ள தொறந்தா மிலிட்டரி பரேடு மாதிரி கீதும்மா.”

பேக்கப் இருக்கிறது

ஜெயசீலன் சார் எங்கள் சர்ச்சின் பாடகர் குழுத் தலைவர், ரிட்டையர்டு கணக்கு வாத்தியார். சர்ச்சுக்கு நூறு வயதாகிறது என்று மலர் ஒன்று போடும் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. எட்டு மாதம் சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் ஒவ்வொரு கதவாகத் தட்டி, மைசூர் மைன்ஸ் பகுதி தொடங்கி ஊர் முழுக்க அலைந்து, பழைய போட்டோக்களை வாங்கி ஸ்கேன் செய்து திருப்பிக் கொடுத்திருந்தார். ஒரு போட்டோவுக்கு நாலு டீ குடிக்க வேண்டியிருந்தது என்பார். இடையில் மழைக்கு ஒழுகியதில் பாதி வீட்டில் அசலே போய்விட்டது. மீதி வீட்டுக்காரர்கள் மகனோடு மகளோடு பெங்களூருக்குப் போய்விட்டார்கள். ஆக, ஊரின் முகமெல்லாம் இப்போது இருப்பது அவருடைய ஹார்டு டிஸ்க் ஒன்றில்தான்.

கம்ப்யூட்டர் மெதுவாக இருக்கிறதென்று மதர்போர்டு மாற்றச் சொல்லி, ஒரு ஞாயிற்றுக்கிழமை வாங்கிக்கொண்டு போனார். செவ்வாய்க்கிழமை நான் சொன்ன அதே சோற்று நேரத்தில் படியேறினார். பிரஸ்ஸுக்குக் கொடுக்கப் படங்களைப் பென் டிரைவில் ஏற்றினால், நாலாவது ஐந்தாவது படத்திலேயே தகவல் பிழை என்று நின்றுவிடுகிறதாம். சனிக்கிழமை பிரஸ்ஸில் கொடுத்தால்தான் நூற்றாண்டு ஆராதனைக்கு மலர் வரும். மிஷினை வாங்கி வைத்துக்கொண்டு, படபடப்பை மறைத்து, “பேக்கப் எடுத்து வச்சிருக்கீங்கல்ல சார்?” என்று கேட்டேன். அவர் என்னைத் தேற்றுகிற முகத்தோடு பதில் சொன்னார்: “அதெல்லாம் பத்திரமா இருக்கும்மா, அதே கம்ப்யூட்டர்ல, பேக்கப்புன்னு பேர் போட்டுத் தனி ஃபோல்டர்ல.”

எங்கே அடிப்பது

எனக்குப் பயம் வந்ததற்குக் காரணம், இது முதல் கேஸ் இல்லை. மதர்போர்டு மாற்றிய பெட்டியில் காப்பி பாதியில் நிற்கிறது என்று அதற்கு முன்பே ஆறு பேர் வந்திருந்தார்கள். டிரைவர் சாஃப்ட்வேரை மாற்றிப் போட்டேன், பவர் சப்ளை மாற்றினேன், விண்டோஸையே துடைத்து எழுதினேன். ஒன்றும் நடக்கவில்லை. ஹார்டு டிஸ்க் கேபிளைப் பக்கத்து சாக்கெட்டில் செருகிப் பார்க்கலாமென்றால் எட்டவில்லை, அவ்வளவு இறுக்கக் கட்டு. அவிழ்க்கவும் மனசு வரவில்லை. கட்டின மனுஷன் ஞாயிறு முழுக்கக் குனிந்து உட்கார்ந்து கட்டியது.

அந்த ஆறு பேரில் சம்பத் என்று ஒருத்தர். காலை ரயிலில் என் வீட்டுக்காரரோடு போகிறவர், ஏதோ கம்பெனியில் அக்கவுண்டன்ட். எல்லாக் கம்ப்ளெயின்டையும் ரயிலிலிருந்தே போனில் சொல்வார். ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் சிக்னல் போய், வாக்கியம் அடுத்த ஸ்டேஷனில்தான் முடியும். அவருடைய கண்டுபிடிப்பு என்னவென்றால், காப்பி நின்றதும் சிபியுவை இடது பக்கம் ஒரு அறை விட்டால் மறுபடி ஓடுகிறதாம். சில நாள் வலது பக்கம் அடிக்க வேண்டியிருக்கிறதாம். ஒரு சினிமாவைக் காப்பி பண்ண ஏழு அறை.

புத்தியுள்ள யாரும் அப்போதே யோசித்திருப்பார்கள், அடித்தால் அசைவது எது என்று. நான் டிஸ்க்கின் தலை உள்ளே ஆடுகிறது, வயசாகிவிட்டது, கூடிய சீக்கிரம் போய்விடும் என்று டாக்டர் மாதிரி சொன்னேன். சம்பத் அதற்கெல்லாம் அசரவில்லை. அவர் கவலையே வேறு: “அக்கா, ஒரு நாள் வந்து நீங்களே அடிச்சிக் காட்டுங்க, கரெக்டா எங்க அடிக்கணும்னு தெரிஞ்சா எனுக்கு அது போதும்.”

தக்காளித் தோட்டத்தில்

வியாழக்கிழமை, சார் டிஸ்க்கோடு நான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, பேத்தமங்களா வெங்கடப்பா ஒரு பை தக்காளியோடு வந்தார். விவசாயி, அந்த ஆறு பேரில் ஒருவர். தெலுங்கு, கன்னடம், தமிழ் மூன்றையும் ஒரே குழம்பாக வைத்துப் பேசுவார். அவருடைய பெட்டிக்கும் மதர்போர்டு மாற்றிய மறுவாரமே இதே சீக்கு. அவர் டிஸ்க்கை அவர் பெட்டியிலேயே வைத்துச் சோதித்து, செத்துப்போச்சு என்று நான்தான் சர்டிபிகேட் கொடுத்துக் கையில் கொடுத்தேன். நல்லவேளை, அதில் இருந்தது சினிமாப் பாட்டும் ஊர்த் தேர்த் திருவிழா வீடியோவும்தான். திருவிழா வீடியோ மச்சான் போனிலும் இருந்ததாம்.

செத்த டிஸ்க்கை என்ன செய்தீர்கள் என்று ஒரு பேச்சுக்குக் கேட்டேன். மனுஷன் உற்சாகமாகிவிட்டார். ஸ்க்ரூவை ஒவ்வொன்றாகக் கழற்றித் திறந்தாராம். உள்ளே கண்ணாடி மாதிரி இரண்டு வட்டத் தட்டு. அதை நூலில் கோத்துத் தக்காளித் தோட்டத்தில் குச்சி நட்டுத் தொங்கவிட்டுவிட்டார். வெயில் பட்டு அது வெட்டுகிற வெட்டில் ஒரு குருவி கிட்டே வருவதில்லையாம். போனில் படம்கூடக் காட்டினார். நானும் சிரித்தேன். அவர் என்னைப் பாராட்டவே வந்திருந்தார்: “பட்சி ஒண்ணும் வரல்லம்மா, உங்க டிஸ்க் இப்பத்தான் நல்லா வேலை செய்து.”

ஓய்வு நாள்

வெள்ளிக்கிழமை காலையில் எனக்கு வேறு வழி தெரியவில்லை. டிஸ்க்கைச் சோதிக்கிற சாஃப்ட்வேரில் சிவப்பில் எச்சரிக்கை தெரிந்தது. ரிப்பேர் புரோகிராமை ஓட்டிப் பார்ப்பதென்று முடிவு செய்து சாரைக் கூப்பிட்டனுப்பினேன். அது ஓடினால் ஒன்று எல்லாம் சரியாகும், இல்லையென்றால் இருக்கிற படமும் சிதறிப்போகும். அவருக்குத் தெரியாமல் அந்தப் பட்டனை அமுக்க எனக்குத் தைரியம் இல்லை.

சார் ஸ்டூலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டார். கணக்கு வாத்தியார் அல்லவா, கோபப்படாமல் கேள்வி கேட்டார். எப்போது மாற்றினாய்? ஞாயிற்றுக்கிழமை. எத்தனை மணிக்கு? மத்தியானம், ஆராதனை முடிந்து வந்து. சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எட்டு மாத உழைப்பு போகப்போகிறதே என்று, துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தார். ஆனால் சொன்னது இதைத்தான்: “ஓய்வு நாள்ல ஸ்க்ரூ திருகினா வேற இன்னா ஆகும் கிரேஸு?”

நோட்டுப் புத்தகம்

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வாரம் பூரா ரயிலில் கிடக்கிற ஊர் இது, ஞாயிற்றுக்கிழமை தவிர வேறு எந்த நாள் ஜனங்கள் மிஷினைக் கொண்டுவந்து காத்திருந்து வாங்கிப் போவார்கள்? ஞாயிறன்று செய்து நன்றாக ஓடுகிற மிஷின்கள் எத்தனை என்று அவருக்குக் காட்டுவதற்காகவே வேலை நோட்டை எடுத்து விரித்தேன். புரட்டப் புரட்ட என் கோபம் இறங்கிவிட்டது. புது போர்டு போட்டது மொத்தம் பதினெட்டு பெட்டி. வாரநாளில் நான் தனியாகச் செய்தது ஏழு. ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. ஞாயிறு செய்தது பதினொன்று. திரும்பி வந்த ஏழும் அதில்தான்.

சார் சொன்ன கிழமை சரியாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை என் கடையில் வித்தியாசமாக என்ன இருக்கிறது? அதே மேஜை, அதே கரண்ட், அதே ஸ்க்ரூ. கூட இருப்பது என் வீட்டுக்காரர் ஒருவர்தான். பெட்டிக்குள் பார்த்தேன். ஹார்டு டிஸ்க்கின் கேபிள், மூலையில் சப்பாத்தி மாதிரி மடிந்து, மூன்று முடிச்சில் மூச்சுவிட முடியாமல் படுத்திருந்தது. சாஃப்ட்வேரின் சிவப்பு எழுத்து எந்த வரியில் என்று அப்போதுதான் ஒழுங்காகப் படித்தேன். டிஸ்க்குக்குள் கெட்டுப்போன இடம்: பூஜ்யம். வழியில் தகவல் சிதைந்த தடவை: ஆயிரக்கணக்கில். டிஸ்க் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறது. போகிற பாதைதான் நசுங்கியிருக்கிறது. முன்பெல்லாம் பழைய போர்டுகள் மெதுவாக அனுப்பியதால், என் வீட்டுக்காரர் கட்டிய கேபிளிலும் தகவல் எப்படியோ போய்ச் சேர்ந்தது. புது போர்டின் வேகத்தை நசுங்கின கேபிள் தாங்கவில்லை.

கத்தரிக்கோல் எடுத்து முடிச்சுகளை வெட்டினேன். வேறு கேபிள் ஒன்றைத் தொளதொளவென்று மாட்டினேன். காப்பி ஓட ஆரம்பித்தது. நூறு, இருநூறு, ஐந்நூறு. ஓடுகிற படங்களை நானும் சாரும் பார்த்துக்கொண்டிருந்தோம். திருமண ஜோடிகள், கிறிஸ்துமஸ் நாடகத்து ஏரோது ராஜா, ஷிஃப்ட் முடிந்து ஏறின ஆட்கள். நடுவில் ஒரு படத்தில், தலையில் ஹெல்மெட்டோடு ஒல்லியாக என் வீட்டுக்காரர். பக்கத்துச் சுவரில் கேபிள்கள் நூல் பிடித்த மாதிரி. எவ்வளவு பெருமையாக நிற்கிறார் தெரியுமா! எனக்கு அவர் மேல் வந்திருந்த எரிச்சல் எல்லாம் போய், ஐயோ பாவம் என்று ஆகிவிட்டது. பேத்தமங்களாவில் வெயிலில் ஆடிக்கொண்டிருப்பதும் நல்ல டிஸ்க்தான் என்பது அடுத்து ஞாபகம் வந்தது. அது என் கைங்கரியம்.

சாரிடம் விஷயத்தைச் சொன்னேன். வெட்டிப்போட்ட நூலை எடுத்துப் பார்த்தார். முகத்தில் கொஞ்சம் ஏமாற்றம்கூடத் தெரிந்தது: “முடிச்சா? நான் ஆண்டவர்னுல்ல நெனச்சேன்.”

சொல்வது எப்படி

சனிக்கிழமை படங்கள் பிரஸ்ஸுக்குப் போயின. சாருக்கு நிம்மதி. எனக்குத்தான் இல்லை. இதை என் வீட்டுக்காரரிடம் யார் சொல்வது? வாரம் முழுக்க யாரோ வீட்டு ஃபேனும் டியூப்லைட்டும் மாட்டிவிட்டு வருகிறவருக்கு, அந்த ஞாயிறு மத்தியானம் ஒன்றுதான் தன் வேலை மாதிரி வேலை. வெள்ளிக்கிழமை ராத்திரி சாப்பிடும்போது, “சாரோட மிஷின் இன்னா ஆச்சி?” என்று கேட்டார். சரியாயிடுச்சு என்று சொல்லி ரசத்தை ஊற்றினேன். சனிக்கிழமை மறுபடி, “இன்னா கோளாறுன்னு சொல்லவே இல்லியே?” என்றார். மோர் ஊற்றினேன்.

ஞாயிறு மத்தியானம் கடைக்கு வந்ததும் வாயால் சொல்ல முடியாததைக் காட்டிவிடலாம் என்று முடிவு செய்தேன். என் சொந்த மிஷினைத் திறந்து, லூசான கேபிளோடு ஒரு பெரிய வீடியோவைக் காப்பி பண்ணினேன். பிழைக் கணக்கு அசையவில்லை. “இப்ப நீங்க கட்டுங்க” என்றேன். ஆசை ஆசையாகக் கட்டினார். நூலைப் பல்லால் கடித்து முடிச்சை இறுக்கினார். மறுபடி காப்பி போட்டேன். மூன்று. ஒன்பது. நாற்பது. காப்பி நின்றது.

அவர் குனிந்து திரையைப் பார்த்தார். தானே முடிச்சை அவிழ்த்தார். மறுபடி ஓட்டச் சொன்னார். கணக்கு நின்ற இடத்திலேயே நின்றது. இன்னொரு முறை கட்டி, இன்னொரு முறை அவிழ்த்து, நாலு தடவை பார்த்தார். ஸ்டூலில் உட்கார்ந்து நூல் உருண்டையைக் கையில் உருட்டிக்கொண்டே கேட்டார்: “அங்க போறவனுக்கு வழி வுடத்தான் கேபிளக் கட்டுவோம், இங்க போறதே கேபிளுக்குள்ளதான்னு மொதல்லயே சொல்லக் கூடாதா நீ?”

கத்தரிக்கோல்

அடுத்த இரண்டு ஞாயிறும் அவர் கடைக்கு வரவில்லை. நோட்டைப் பார்த்து விலாசங்களை எழுதிக்கொண்டு, கத்தரிக்கோலும் புதுக் கேபிள்களும் பையில் போட்டு ஸ்கூட்டரில் கிளம்பிவிட்டார். நான் போகிறேன் என்றதற்கு, கட்டினவன் நான், அவிழ்க்கிறவனும் நான்தான் என்று சொல்லிவிட்டார். சம்பத் வீட்டில் சண்டையே வந்ததாம். இப்போதுதான் எங்கே அடிப்பது என்று கை பழகியிருக்கிறது, அதற்குள் சரிசெய்வானேன் என்று. ஜெராக்ஸ் கடைக்காரர் பரேடு கலைவதைப் பார்க்க முடியாமல் டீ குடிக்கப் போய்விட்டார்.

வெங்கடப்பாவிடமும் அவரே போய், டிஸ்க் நல்ல டிஸ்க், தப்பு எங்களுடையது என்று சொல்லியிருக்கிறார். வெங்கடப்பா அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லையாம். கையைப் பிடித்துத் தோட்டத்துக்குக் கூட்டிப்போய், தட்டு இரண்டும் வெயிலில் சுற்றுவதைக் காட்டி, ஒரு பை தக்காளியும் கொடுத்தனுப்பினார். என் வீட்டுக்காரர் வந்து பையைக் கீழே வைத்தார். சட்டைப்பையைப் பார்த்தேன், நூல் உருண்டை அங்கேயேதான் இருந்தது. திட்டு ஏதாவது வாங்கினீர்களா என்று கேட்டேன். இல்லையென்று தலையாட்டிவிட்டு, தண்ணீர் குடித்து, செருப்பைக் கழற்றி, ரொம்ப நேரம் யோசித்த மாதிரி சொன்னார்: “அந்தத் தட்ட அவரு லூசாத்தான் கட்டிக்கீறாரு கிரேசு, அதான் நல்லா வேலை செய்து.”

ஆகவே என் சக துன்பவாசிகளே, ஹார்டு டிஸ்க் மாற்றுவது பத்து நிமிட வேலை, முடிச்சை வெட்டுவது ஒரு நிமிட வேலை, அதைக் கட்டியவரிடம் சொல்வதற்குத்தான் எனக்கு மூன்று நாளும் ஒரு சட்டி ரசமும் பிடித்தது.